மோரேயில் கண்ட பாட்டி

2018-ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் தில்லியிலிருந்து குடும்பத்துடன் மணிப்பூருக்குச் சென்றிருந்தோம். இன்று மியன்மார் எனப்படும் பர்மாவின் எல்லையில் உள்ளது மோரே. இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். பல்லேல் என்னும் ஊரைத் தாண்டியதும் சாலை மலையேறுகிறது. வளைவுகளையும் சோதனைச் சாவடிகளையும் கடந்து நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். எல்லைக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே எங்கள் எண்ணம்.

கடைத்தெருவில் எங்கள் ஏழு வயது மகள் பசிக்கிறதென்று இந்தியில் முறையிட்டாள். நாங்கள் தமிழில் தேற்றினோம்.

"பாப்பாவுக்கு இட்டிலி தரட்டுமா? சூடா இருக்கு!"

திடுக்கிட்டுத் திரும்பினோம். பர்மியப் பெண்களைப்போல் லுங்கி உடுத்திய மூதாட்டி ஒருவர் இட்டிலிப் பானையருகே அமர்ந்திருந்தார். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து, நெற்றியிலோ திருநீறு!

உண்ணும்போதே அவர் கதையைக் கேட்டோம். 1962-இல் பர்மாவில் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்து வந்த ஆண்டுகளில் கடைகளும் வணிகங்களும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமற்போயின. இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள்.

"பர்மாவிலே எங்களைக் 'கலா'ன்னாங்க. இங்கே வந்தா 'பர்மாக்காரங்க'ன்னாங்க. அப்பாவுக்கு மனசு ஒப்பலே. திரும்பிப் போயிடுவோம்னு இந்த மலைவழியா நடத்திக் கூட்டி வந்தாரு. அந்தப் பக்கம் விடலே. வீட்டுக்குப் போற வழியிலேயே நின்னுட்டோம், அம்மா."

அவ்வாறு நின்றுவிட்ட குடும்பங்கள் பல. அவர்களே அங்காளபரமேசுவரிக்குக் கோயில் எழுப்பினர். தமிழ்ச் சங்கமும் கண்டனர்.

அதற்குள் பாட்டியின் பேரன் வந்தான். வாடிக்கையாளரிடம் மணிப்புரி, சுமைகூலியிடம் பர்மியம், பாட்டியிடம் நல்ல தமிழ்! எங்கள் மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைநகரில் சகல வசதியோடும் வாழும் நாங்கள் நாணித் தலைகுனிந்தோம். குழந்தை உண்டதற்குப் பாட்டி காசு வாங்க மறுத்துவிட்டார்.

2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் மூண்டு மோரேயில் வீடுகள் எரிந்ததாகச் செய்தி வந்தது. யாரிடம் விசாரிப்பது? பாட்டியின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வரவில்லை.

"அந்தப் பாட்டி இப்போ எங்கே இருப்பாங்க?" என்று எங்கள் மகள் அவ்வப்போது கேட்கிறாள். தமிழில்தான் கேட்கிறாள். எங்களிடம் விடையில்லை.