பிறர் பெயர் எழுதிய நூல்கள்

இழந்த நூல்களை மீளச் சேர்க்க முயல்வோர் எம்மிடையே பலருளர். 1981, 1983, 1987, 1995 என ஒவ்வொருவரும் தத்தம் இழப்புக்கு ஓர் ஆண்டினைக் கூறுவர். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களின் கணக்கு வரலாற்றிற் பதிந்துவிட்டது. வீடுகளின் இறாக்கைகளில் இருந்தவற்றுக்குக் கணக்கு வைத்தவர் எவருமிலர். அவ்வாறு கணக்கில் வராத நூற்றொகுதி ஒன்றைப் பற்றியும், அதனை மீளச் சேர்க்கப் புகுந்தபோது எழுந்த ஒரு வழக்கினைப் பற்றியுமே இங்கு எழுத விரும்புகின்றேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டகன்ற இரவில், எமது வீட்டில் நானூறுக்குச் சற்று மேற்பட்ட நூல்கள் இருந்தன. சைக்கிள் கரியரில் அரிசியையும் அம்மாவின் மருந்துகளையும் கட்டியபின் எஞ்சிய இடத்தில், இருளிற் கைக்கெட்டிய மூன்று நூல்களைச் செருகிக்கொண்டேன். நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, பொழுது விடிந்தபின் கைதடியில் எடுத்துப் பார்த்தபோது அவற்றுள் ஒன்று மடக்கை வாய்பாடு!

1996ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மீண்டு வந்தபோது யன்னற் கதவுகளும் இல்லை, இறாக்கைப் பலகைகளும் இல்லை. நூல்களிற் பெரும்பகுதி எங்குச் சென்றதென இன்றுவரை அறியேன். எஞ்சியவை மாரி மழையில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, கறையானுக்கு இரையாகியிருந்தன. பலகைகளைக் கொண்டுசென்றவர் எவராயினும் அடுப்பெரிக்கவே கொண்டுசென்றிருப்பர். அந்நாளில் விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர் அதனைப் பெருங்குற்றமாகக் கொள்ளார்.

தொழில் நிமித்தம் கொழும்பிற் குடியேறிச் சில ஆண்டுகள் சென்றபின், ஒரு சீ.ஆர். கொப்பியில் இழந்த நூல்களுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கினேன். நினைவு என்பது விசித்திரமான நூலகர். நூலின் பெயர் வாராது. அது மேற்றட்டில் இடப்பக்கம் நின்றதும், அதன் அட்டையின் நிறமும், அதனைச் சுற்றிய பழைய நாட்காட்டித் தாளும் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றிக்கொண்டே பெயரை வெளியே இழுக்கவேண்டும். இவ்வகையில் இருநூற்றறுபது பெயர்களை மீட்டேன்.

அவற்றைத் தேடப் புகுந்தபோது, நான் எதிர்பார்த்ததற்கு மாறான ஓர் உண்மை புலனாயிற்று. மிகப் பழைய நூல்களைப் பெறுவதே மிக எளிதாயிருந்தது. சங்க நூல்களையும் கம்பனையும் பாரதியையும் புதுமைப்பித்தனையும் தமிழகப் பதிப்பகங்கள் மீண்டும் மீண்டும் அச்சிடுகின்றன. அன்றியும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கணினிவழி யாவர்க்கும் இலவசமாக்கிவிட்டது. மொஸ்கோவில் அச்சாகி மிக மலிவாக வந்த சோவியத் நூல்களைப் பெறுவது சற்றுக் கடினம். 1991இல் அந்நாடே இல்லாதொழிந்தது. யாவற்றினும் அரியவையாகிவிட்டவை எமது நாட்டிலேயே, எமது காலத்திலேயே, எமது பக்கத்துத் தெருவிலுள்ளோர் எழுதிய நூல்களே.

காரணம் ஆராயத் தக்கது. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளினதும் நூல்களினதும் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, ஈழத்து எழுத்துக்கு ஒரு வாசகர் கூட்டம் திரண்டது. வீரகேசரி நிறுவனம் மலிவுப் பதிப்புகளாக நாவல்களை வெளியிட்டது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் 1973இல் அவ்வாறே எம் கைகளுக்கு வந்தன. மலிவு என்றால் தாளும் மலிவே. பத்திரிகைத் தாளில் உள்ள மரக்கூழின் அமிலம் நூலை உள்ளிருந்தே எரித்துவிடுகின்றது. விளிம்பு பழுப்பேறி, மடித்தால் அப்பளமாய் உடைகின்றது. அத்தாளுக்கு இராமபாணப் பூச்சியும் கடற்காற்றின் ஈரமும் போதும். இங்கு நெருப்பும் இடப்பெயர்வும் சேர்ந்துகொண்டன. தமிழக நூலகங்கள் பலவற்றில் இவை வாங்கப்படவுமில்லை. ஆகவே ஐம்பது ஆண்டுப் பழைமையுடைய நாவல் ஒன்று, இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய பாடலினும் அரிதாகிவிட்டது.

இத்தகைய நூல்களைத் தேடி மருதானையில், டி. ஆர். விஜயவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளுக்கு ஞாயிறுதோறும் செல்லும் வழக்கம் உண்டாயிற்று. அங்கு ஒரு சிங்களக் கடைக்காரர், தமிழ் வாசிக்க அறியாதவர், எனக்கெனத் தமிழ்ப் புத்தகங்களை ஒரு பெட்டியிற் சேர்த்து வைப்பார். எழுத்தின் வடிவமே அவரது பகுப்புமுறை. பஞ்சாங்கம், சமையற் குறிப்பு, க.பொ.த. வினாத்தாள், நாவல் யாவும் அப்பெட்டியிற் சமத்துவமாய்க் கிடக்கும். என் நூற்றொகுதியின் ஒரு பகுதி அப்பெட்டியிலிருந்தே வந்தது.

மற்றொரு பகுதி இணையவழி அறிமுகமான வாசகர் சிலரால் வந்தது. 2005இல் நூலகம் இணையத்தளம் தோன்றி ஈழத்து நூல்களை மின்வடிவிற் சேர்க்கத் தொடங்கியபின், என்னைப் போன்ற தேட்டக்காரர் ஒருவரையொருவர் அறிய வாய்ப்பு உண்டாயிற்று. மட்டக்களப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நோர்வேயில் தாதியாகப் பணிபுரியும் ஒருவர், ஹற்றனில் ஒரு மருந்தாளர் என எண்மர் வரை சேர்ந்தோம். எனது பிரதியொன்றிற் பதினாறு பக்கங்கள் கொண்ட ஒரு மடிப்பு முழுமையாகக் காணாமற்போயிருந்தது. அதனைக் குறிப்பிட்ட மறுநாட் காலை, அப்பதினாறு பக்கங்களும் ஒளிப்படங்களாக நோர்வேயிலிருந்து வந்திருந்தன. இதுவரை நேரிற் கண்டிராத ஒருவர் இரவுப் பணி முடிந்து வந்து, மேசை விளக்கின் கீழ் எனக்காகப் பக்கம் பக்கமாய்ப் பிடித்தவை அவை.

வழக்கு எழுந்தது மருதானைப் பெட்டியில் அகப்பட்ட ஒரு நாவலால். வன்னியைக் களமாகக் கொண்டது. எட்டு ஆண்டுகளாக நான் தேடியது. முதற்றாளில் ஊதா மையில் ஒரு பெயர், ஓர் ஊர், 1978ஆம் ஆண்டுத் திகதி ஒன்று; கீழே, ‘வாசித்தபின் தயவுசெய்து திருப்பித் தரவும்’ என்னும் வேண்டுகோள். அத்தாளை அன்பர்களுக்குக் காட்டினேன். பத்து நாட்களில் உரியவரின் மகள் கனடாவிலிருந்து எழுதினார். தந்தையார் காலமாகிவிட்டார், வீட்டிலிருந்த அவரது நூல்களில் ஒன்றேனும் எஞ்சவில்லை. “அண்ணா, விலை எவ்வளவென்றாலும் தந்துவிடுகிறேன்” என்று கேட்டிருந்தார்.

எமது குழுவிற் கருத்து இரண்டுபட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது; அன்றியும் இத்தகைய அரிய பிரதி நாட்டை விட்டுப் போகலாகாது என்றனர் சிலர். பின்னைய வாதம் வலுவானது. எமது நூல்கள் எமது மண்ணிலேயே இருத்தல் வேண்டும் என நானும் பல தடவை வாதாடியுள்ளேன். ஆயினும், உரியவர் அந்நூலை எவருக்கும் விற்றிலர், எவருக்கும் கொடுத்திலர். இடையில் எத்தனை கை மாறினும், எத்தனை தடவை காசு கைமாறினும், அம்முதற்றாளின் வேண்டுகோள் வலுவிழந்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றிற்று. மட்டக்களப்பு ஆசிரியர் மட்டும், “இரவல் வாங்கியவர் திருப்பிக் கொடுப்பதற்கு இவ்வளவு விவாதமா, தம்பி?” என்று எழுதினார்.

அனுப்புமுன் அதனை முழுமையாகப் படியெடுத்தோம். பக்க ஓரங்களிற் பென்சிற் குறிப்புகள் இருந்தன. நாவலில் வரும் வன்னிச் சொற்கள் சிலவற்றின் அருகே, தம் ஊரில் அதனை எவ்வாறு வழங்குவர் என உரியவர் எழுதியிருந்தார். ஓரிடத்தில், கதாபாத்திரம் செய்தது தகாது என்று கோபமாக ஒரு கோடு. படங்களைத் துப்புரவு செய்கையில் இக்குறிப்புகளையும் அழித்துவிடலாம் என்றார் ஹற்றன் அன்பர். வாசிக்க எளிதாயிருக்கும் என்பது அவர் நியாயம். நான் உடன்படவில்லை. கறையானின் தடத்தை அழிக்கலாம். வாசகனின் தடத்தை அழிக்க எமக்கு என்ன உரிமை? குறிப்புகளோடேயே படி நிறைவெய்திற்று.

பணம் எதுவும் பெறாது, பதிவுத் தபாலில் நூலை அனுப்பினேன். தபாற் செலவு நூலுக்குக் கொடுத்த விலையினும் பன்மடங்கு. மூன்று வாரங்களின் பின் கிடைத்ததாக மகள் அறிவித்தார். ஓரக் குறிப்புகளைத் தம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியதாகவும், ‘பேரப்பா ஏன் புத்தகத்தோடு சண்டை பிடித்தார்’ என்று சின்னவன் கேட்டதாகவும் எழுதியிருந்தார்.

கொப்பியில் அந்நாவலின் பெயரை இன்னும் வெட்டவில்லை. அதனோடு சேர்த்து நாற்பத்தேழு நூல்கள் மீதமுள்ளன. அவற்றுள் இரண்டு மட்டக்களப்பு ஆசிரியரிடம் உள்ளன. தபாலுக்குத் தாங்காத அளவுக்குத் தாள் உடைகின்றதாம். வரும் பாடசாலை விடுமுறையில் அங்கு சென்று, அவர் வீட்டு விறாந்தையில் இருந்தே படியெடுப்பதாக இருக்கின்றேன்.