கூரை ஏறிய நாள்

பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 4 ஆண்டுகள் படித்து முடித்துத் தைப்பிங்கிற்குத் திரும்பினேன். முதல் வாரமே சலிப்புத் தட்டியது. விடுதியில் நள்ளிரவுவரை விழித்திருந்த என்னிடம் அம்மா இரவு 10 மணிக்கே, "விளக்கை அணைச்சிட்டுப் படுப்பா" என்பார். எனக்கு 23 வயதாகிவிட்டதை வீட்டில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். ஒரு மாலை கொட்டிய மழையில் எங்கள் தகரக் கூரை ஒழுகியது. எங்கே வாளி வைக்க வேண்டும் என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடம். ஓடிப்போய் வைத்தேன். அங்கே ஒரு சொட்டுகூட விழவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் வேறு நான்கு இடங்களில் பாத்திரங்களை வைத்தார்.

"அப்பா ஏன் இதைச் சரிசெய்யவில்லை?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

"முட்டி வலிப்பா. போன வருஷத்திலிருந்து அவரால ஏணி ஏற முடியல. படிக்கிற பிள்ளைகிட்டச் சொல்லாதேன்னுட்டார்."

விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் நண்பர்களோடு ஏரிப் பூங்காவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் நொண்டி நடந்ததை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள், கூரை நன்றாகக் காய்ந்த பிறகு ஏணியைச் சாத்தினேன். முன்பெல்லாம் அப்பா மேலே ஏறுவார். நான் கீழே பிடித்துக்கொள்வேன். இம்முறை அவர் பிடித்தார்.

"தகரத்தின் நடுவில் மிதிக்காதே. ஆணி வரிசை மேலேயே கால் வை. அதுக்குக் கீழேதான் மரச்சட்டம் இருக்கு."

தளர்ந்த ஆணிகளை அடித்து இறுக்கினேன். துளைகளில் தார் பூசினேன். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை, எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. கீழே எட்டிப் பார்த்தேன். வெயில் நேராக முகத்தில் விழுந்தும் அப்பா ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவசரமில்லை, மெதுவா இறங்கு" என்றார்.