ஒன்பது கிலோமீட்டர் தூரம்

எடிசன், நியூ ஜெர்சி



போன ஞாயிறு ஓசூரில் இருக்கும் சித்தப்பாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் டி.வி. சத்தம் கேட்டு, "என்னடா அங்க ஒரே கூச்சல்?" என்றார்.

"ஃபுட்பால் சித்தப்பா. அமெரிக்க ஃபுட்பால். குவாட்டர்பேக் பந்தை வீசப் போறான்."

"குவாட்டரா?" ஒரு நொடி யோசித்தார். "சரி, குளிர் ஊரு. அளவா வெச்சுக்கோ."

சித்தி தலையில் அடித்துக்கொண்டது திரையில் தெரிந்தது. சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி எங்களுக்குப் பக்கத்து ஊர். 1937-இல் அவர் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்றைக்குச் சேலம் மாவட்டம்தான். ஆனால் ஓசூர்க்காரனுக்கு எந்தத் தடையும் முழுத் தடை ஆனதில்லை. ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு சட்டம். இங்கே இல்லாதது அங்கே இருக்கும். அங்கே இல்லாதது இங்கே இருக்கும்.

இந்த மடல் அந்த எல்லையைப் பற்றியது. குவாட்டர்பேக் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வாலிபாலில் செட்டர் என்று ஒருவர் இருப்பாரே, பந்து எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர், குவாட்டர்பேக் ஏறக்குறைய அவர்தான். வித்தியாசம் என்னவென்றால், இவர் யோசிக்கும்போது நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ ஆட்கள் நாலைந்து பேர் இவரைச் சாய்க்க ஓடி வருவார்கள். கையில் இருப்பது இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் யார் எங்கே ஓடுகிறான், யார் மறிக்கிறான் என்று பார்த்து, ஓடுகிறவன் இன்னும் போய்ச் சேராத இடத்துக்குப் பந்தை வீச வேண்டும். அந்த மூன்று விநாடிக்குத்தான் சம்பளம். டாலஸ் அணியின் டாக் ப்ரெஸ்காட் 2024-இல் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 6 கோடி டாலர். நம் கணக்கில் 500 கோடி ரூபாய்க்கு மேல்.

இங்கே வந்த புதிதில் இந்த ஆட்டத்தை என்னோடு பார்த்தவர்கள் எந்த அணி ஜெயிக்கும் என்று சண்டை போடுவார்கள். இப்போது சண்டை வேறு. போன வாரம் நண்பர் வீட்டில் பார்த்தேன். அவருடைய அணிதான் ஜெயித்தது. ஆனால் முகம் வாடிவிட்டது. ஏன் என்று கேட்டால் போனைக் காட்டுகிறார். குவாட்டர்பேக் 250 கஜத்துக்கு மேல் வீசுவான் என்று பந்தயம் கட்டியிருக்கிறார். அவன் 243-இல் நின்றுவிட்டான். "ஏழு கஜம்!" என்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கூத்தின் உச்சம் 2020 பிப்ரவரியில் நடந்தது. அந்த ஆண்டின் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். கான்சஸ் சிட்டி அணியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ், பந்தோடு தானே ஓடி 44 கஜம் சேர்த்திருந்தார். அவர் முப்பதைத் தாண்டுவார், முப்பத்தாறைத் தாண்டுவார் என்று கட்டியிருந்தவர்கள் எல்லாம் ஜெயித்த மாதிரிதான். கடைசி நிமிடம். அணி முன்னிலையில் இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் குவாட்டர்பேக் பந்தை வாங்கி மண்டியிட்டுவிடுவார். கடிகாரம் ஓடி ஆட்டம் முடிந்துவிடும். மஹோம்ஸ் நேரத்தைப் போக்க இன்னும் கொஞ்சம் பின்னால் ஓடி, பிறகு மண்டியிட்டார். மூன்று முறை. விதிப்படி பின்னால் ஓடியது கணக்கில் கழியும். பதினைந்து கஜம் கழிந்து, 44 என்பது 29 ஆனது. அவர் கோப்பையை வாங்கினார். அவரை நம்பிக் கட்டியவர்கள் காசை இழந்தார்கள்.

அவர் செய்தது தவறா? இல்லை. அணியின் வெற்றிக்கு எது சரியோ அதைத்தான் செய்தார். அவர் ஆடிய ஆட்டம் வேறு, நாற்காலியில் உட்கார்ந்து இவர்கள் ஆடிய ஆட்டம் வேறு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சூதாட்டம் இந்த ஆட்டத்துக்குப் புதிதல்ல. 1946 இறுதி ஆட்டத்துக்கு முன்பு நியூ யார்க் ஜயன்ட்ஸ் வீரர்கள் இருவரை ஒரு சூதாட்டத் தரகர் பணத்தோடு அணுகினார். அதில் ஒருவர் பந்து வீசும் ஃப்ராங்க் ஃபில்சாக். தரகர் அணுகியதை மறைத்துவிட்டு ஆடினார். அணி தோற்றது. உண்மை வெளியே வந்ததும் அவரை லீகை விட்டு விலக்கினார்கள். 1983-இல் பால்டிமோர் அணியின் இளம் குவாட்டர்பேக் ஆர்ட் ஷ்லிக்டர் சூதாடியதற்காகத் தடை செய்யப்பட்டார். பெரிய எதிர்காலம் என்று பேசப்பட்டவர்; பிற்பாடு சிறையே வாழ்க்கை ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். லீகுக்குச் சூதாட்டம் என்றாலே தீட்டு. லாஸ் வேகாஸ் நகரத்தின் சுற்றுலா விளம்பரத்தைக்கூட 2003 சூப்பர் பௌல் ஒளிபரப்பில் போட விடவில்லை.

பிறகு தீட்டு கழிந்தது. விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வைத்திருந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நான் இருக்கும் இந்த நியூ ஜெர்சி மாநிலம்தான் வழக்காடியது. வழக்கில் எதிர்த்தரப்பில் என்.எஃப்.எல். லீகும் நின்றது. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. அடுத்த மாதமே மன்மத் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் அன்றைய ஆளுநர் ஃபில் மர்ஃபி முதல் பந்தயத்தைக் கட்டினார். மூன்றே ஆண்டில், தோற்ற லீகே பந்தய நிறுவனங்களைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது. 2024 சூப்பர் பௌல் நடந்த ஊர் எது தெரியுமா? லாஸ் வேகாஸ்.

வீரனுக்கு மட்டும் பழைய சட்டம்தான். அட்லாண்டா அணியின் கால்வின் ரிட்லி போனில் 1,500 டாலர் கட்டியதற்காக 2022 சீசன் முழுக்க ஆட முடியாமல், 1.1 கோடி டாலர் சம்பளத்தை இழந்தார். அவர் இருந்த லீகின் விளம்பரங்கள் அதே போனில் "கட்டு, கட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தன.

இங்கே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் போனில் பந்தயம் கட்டலாம்; நியூ யார்க்கில் 2022 ஜனவரி வரை கட்ட முடியாமல் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஹட்ஸன் ஆறு, மேலே ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நியூ யார்க்காரர்கள் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி வருவார்கள். இந்தக் கரைக்கு வந்ததும் காலை ஊன்றி, போனை எடுத்து, பந்தயம் கட்டிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். செய்தியில் அதைப் பார்த்தபோது எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது.

2003-இல் ஜெயலலிதா தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார். 1968-இல் அண்ணா ஆட்சியில் அரசே தொடங்கி, அரசே கூவி விற்ற சீட்டு அது. கர்நாடகத்தில் தடை வர 2007 ஆனது. இடைப்பட்ட காலத்தில் என் சித்தப்பா சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இறங்குவார். ஒன்பது கிலோமீட்டர். ஒரு டீ, இரண்டு சீட்டு, திரும்பி வரும் பஸ். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் சந்திரசூடேஸ்வரர் கோயில் விபூதிப் பொட்டலத்தோடு வைத்திருப்பார். ஒரு முறைகூடப் பெரிதாக விழவில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு சீட்டுக்கு மேல் அவர் தோற்கவும் இல்லை. அதற்கு மேல் தோற்க வேண்டுமென்றால் மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.

அவருடைய மகனுக்கு அந்தப் பஸ் தேவைப்படவில்லை. தம்பி பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிறான். வீடு ஓசூரில். தினமும் கம்பெனி பஸ்ஸில் எல்லையைக் கடந்து போய் வருகிறவன். 2020 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது. ஓசூரில் ஆப் திறக்காது. அத்திப்பள்ளி தாண்டியதும் திறக்கும். காலை ஷிஃப்டுக்குப் போகிற பஸ்ஸில் பாதிப் பேர் தலை குனிந்தே இருப்பார்கள் என்பான். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அக்டோபரில் கர்நாடகம் தடை போட்டது. ஃபேண்டசி கிரிக்கெட் நடத்திய ட்ரீம்11 நிறுவனம் அந்த மாநிலத்தில் கடையை மூடியது. அப்போது வேலைக்குப் போனால் திறக்காது, வீட்டுக்கு வந்தால் திறக்கும். 2022 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. பஸ் அதே பஸ்தான். எந்தப் பக்கத்து ஜன்னலில் சூதாட்டம் என்பதுதான் மாறிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு வந்ததும் நீங்கள் அறிந்ததே. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தை ஆராய்ந்த நீதியரசர் சந்துரு குழு, 2022 அவசரச் சட்டம், தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல், நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும் நீதிமன்றம் கொடுத்த விலக்கு. கடைசியில் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இரண்டே நாளில் நிறைவேற்றியது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 பெயர் இறங்கியது.

இத்தனை வழக்கிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான். இது திறமையா, அதிர்ஷ்டமா? கிண்டி குதிரைப் பந்தய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திறமை ஆட்டம் என்றது. ரம்மிக்கும் ஃபேண்டசி கிரிக்கெட்டுக்கும் அதே வாதம்தான். எனக்கு இந்தக் கேள்வியே பிழை என்று தோன்றுகிறது. குதிரைக்குத் திறமை உண்டு. ஜாக்கிக்கு உண்டு. மூன்று விநாடியில் முடிவெடுக்கிற மஹோம்ஸுக்கு நிச்சயம் உண்டு. அது அவர்களுடைய திறமை. நாற்காலியில் இருக்கிறவன் எவ்வளவு படித்துக் கணக்குப் போட்டாலும், கடைசி நிமிடத்தில் அவன் காசு இன்னொருவன் முழங்காலில் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி, மேசை யாருடையது என்பது. நான் ஓசூர் டூல்ரூமில் வேலை பழகியவன், கணக்காகச் சொல்கிறேன். இங்கே சாதாரணப் பந்தயத்தில் 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும். எதிரெதிராக இருவர் கட்டினால் மேசைக்கு வருவது 220. ஜெயித்தவனுக்குப் போவது 210. யார் ஜெயித்தாலும் பத்து டாலர் மேசையில் நிற்கும். நாலைந்து பந்தயத்தைச் சங்கிலியாகக் கோத்துக் கட்டினால் மேசையின் பங்கு இன்னும் ஏறும். விளம்பரம் முழுக்க அந்தச் சங்கிலிக்குத்தான். 2024-இல் அமெரிக்கர்கள் சட்டப்படி கட்டிய பந்தயம் ஏறத்தாழ 15,000 கோடி டாலர். அதில் நிறுவனங்களிடம் நின்றது 1,300 கோடிக்கு மேல். நூற்றுக்கு ஒன்பது. எந்த மெஷினும் இவ்வளவு ஒழுங்காக ஓடி நான் பார்த்ததில்லை.

தம்பி அந்த மெஷினில் விட்டது 1,80,000 ரூபாய். பாதி சம்பளம், பாதி லோன் ஆப்பிலும் தண்டல்காரரிடமும் வாங்கியது. விஷயம் வெளியே வந்த இரவு எனக்குப் போன் செய்தான். திட்டத்தான் நினைத்தேன். அவன் சொன்னான்: "தோத்த காசு என்னைக் கெடுக்கலைண்ணா. மொத வாரம் பதினோராயிரம் ஜெயிச்சேன் பாரு, அந்தக் காசுதான் கெடுத்துச்சு." அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை.

தடைச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். நடத்துகிறவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. மேசை யாருடையது என்று பார்த்து எழுதிய சட்டம் அது. ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. வெளிநாட்டு ஆப்களின் இணைப்பு டெலிகிராமில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது என்கிறான் தம்பி. சித்தப்பாவைக் காப்பாற்றியது சட்டம் அல்ல, அந்த ஒன்பது கிலோமீட்டர். தோற்பதற்கும் மறுபடி கட்டுவதற்கும் நடுவே ஒரு வாரம் இருந்தது. தம்பிக்கு ஒரு விநாடிகூட இல்லை.

ஆகவே ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் லைனில், உங்கள் மேன்ஷன் அறையில், பத்தாம் தேதிக்குள் கைமாற்று கேட்கிற பையன் ஒருவன் இருப்பான். பணம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். எதற்கு என்று மட்டும் கேட்டுவிடுங்கள். பேசத் தயங்கினால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

தம்பியின் கடனில் இன்னும் நான்கு தவணை பாக்கி. சித்திரையில் முடிகிறது.