அளவறிந்த நா

பேசத் தெரிந்தவர் பலர். பேசாதிருக்கத் தெரிந்தவர் சிலரே. பேச்சையே தொழிலாகக் கொண்டும், மௌனத்தால் புகழ் எய்தியவர் ஒருவர் உண்டு. அவரே ஆஸ்திரேலிய நாட்டு ரிச்சி பெனோ ஆவார்.

பெனோ 1930ஆம் ஆண்டு பென்ரித் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் பள்ளி ஆசிரியர். சுழற்பந்து வீசுவதில் வல்லவர். மைந்தரும் அக்கலையில் தேர்ந்தார். 63 டெஸ்டு ஆட்டங்களில் 248 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 28 ஆட்டங்களில் தம் நாட்டு அணிக்குத் தலைமை தாங்கினார். அவர் தலைமையில் அவ்வணி ஒரு தொடரையும் இழந்ததில்லை.

ஆட்டக்காரரின் உடல் வலிமை நெடுநாள் நிலைப்பதன்று. இதனைப் பெனோ இளமையிலேயே உணர்ந்தார். 1956இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்ததும், லண்டனில் தங்கிப் பி.பி.சி. நிறுவனத்தில் தொலைக்காட்சிப் பயிற்சி பெற்றார். நாட்டுக்காக ஆடிய வீரர், மீண்டும் மாணவராய் அமரத் தயங்கினாரில்லை. 1964இல் ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றபின் வருணனையே அவர்தம் வாழ்க்கைப் பணியாயிற்று.

வானொலி கேட்போர்க்குச் சொல்லே கண். தொலைக்காட்சி காண்போரோ பந்து பறப்பதைத் தாமே காண்கின்றனர். அவர்கள் கண்டதையே மீண்டும் கூறுதல் வீண் அன்றோ? காட்சிக்குப் பொருள் சேர்க்கும் சொல் இருந்தால் மட்டுமே கூறுதல் வேண்டும் என்பது பெனோவின் கொள்கை.

அவருடைய மௌனம் அச்சத்தால் விளைந்ததன்று. 1981ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதின. எஞ்சியது ஒரே பந்து. அதில் ஆறு ஓட்டங்கள் எடுத்தால் நியூசிலாந்து சமநிலை எய்தலாம். ஆஸ்திரேலிய அணித் தலைவர் கிரெக் சாப்பல், பந்தைத் தரையில் உருட்டிவிடுமாறு தம் தம்பியைப் பணித்தார். அவரும் அவ்வாறே செய்தார். அன்றைய விதி அதனைத் தடுக்கவில்லை, வெற்றியும் கிட்டியது. ஆனால், பெனோவின் மனம் அதனை ஏற்கவில்லை. தாமும் ஒரு காலத்தில் தலைமை தாங்கிய அணி என்று பாராமல், அஃது இழிசெயல் என்று தொலைக்காட்சியிலேயே கடிந்துரைத்தார். நாட்டுப்பற்றினும் நடுவுநிலைமை பெரிதென அவர் கருதினார்.

2005ஆம் ஆண்டு செப்டம்பரில், லண்டன் ஓவல் திடலில், இங்கிலாந்து நாட்டு நேயர்களிடம் அவர் விடைபெற்றார். நன்றி கூறிக்கொண்டிருக்கையிலேயே, மெக்ராத் வீசிய பந்தில் பீட்டர்சன் ஆட்டமிழந்தார். பெனோ தம் பிரியாவிடையை இடையே நிறுத்தி, அதனை அறிவித்துவிட்டே மேலே தொடர்ந்தார். தம்மைப் பற்றிய பேச்சினும் தம் கடமையே அவருக்கு முதன்மையாயிற்று.

2015இல் அவர் மறைந்தார். வேண்டும்போது அஞ்சாது பேசுதலும், வேண்டாதபோது அடங்கியிருத்தலும் நாவிற்கு அழகு. அவ்வழகு அவர் வாழ்வில் விளங்கிற்று.