செங்கலடிச் சுவைஞர்

பிரெஞ்சு தேசத்தின் தென்மேற்கிலே போர்தோ என்றொரு பட்டினம் உண்டு. அதைச் சூழ்ந்த ஊர்களில் வடிக்கப்படும் செந்நிறத் திராட்சை மது உலகப் பிரசித்தி பெற்றது. அதைக் குடித்து மயங்குவதற்காகவன்றி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி ஆராய்வதற்காகவே கூடுகின்ற இரசிகர் கூட்டங்கள் பல தேசங்களில் இருக்கின்றன. போத்தல்களைத் துணியால் மூடிவைப்பார்கள். கிண்ணத்தில் ஒரு மிடறு வார்த்து, நிறம் பார்த்து, மணம் பார்த்து, நாவிலே சிறிது நேரம் நிறுத்தி, பின்னர் பெரும்பாலும் துப்பிவிடுவார்கள். அதன்பின் வாதம் தொடங்கும். இது ஆற்றின் இடக்கரையா, வலக்கரையா? எந்த ஆண்டின் பழம்? முன்னிருந்த பதம் இப்பொழுது இருக்கிறதா? இப்படியே பொழுது சாயும்.

குடும்பத்தார் படிக்கும் பக்கத்தில் மதுவைப் பற்றி என்ன பேச்சு என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். நான் சொல்ல வந்தது எருமைத் தயிரைப் பற்றி. எங்கள் செங்கலடியிலும் அத்தகைய சுவைஞர் கூட்டம் ஒன்று உண்டு. இடக்கரை வலக்கரை வழக்குக்குப் பதிலாக எங்களுக்கு எழுவான்கரை, படுவான்கரை என்ற வழக்கு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. படுவான்கரைத் தயிரே தயிர் என்பது எங்களுள் பெரும்பாலார் கட்சி.

பேராதனையிற் புறப்பட்டு, பதுளை வழியாக மலையிறங்கி வரும் நெடுஞ்சாலை எங்களூர்ச் சந்தியில் வந்து முடிகிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஓடும் வீதியை அது தொடும் இடம் இதுவே. மேற்கே கரடியனாறு, புல்லுமலை என்று அந்தச் சாலையிற் போகப் போக வயலும் காடும் மேய்ச்சற்றரையுமாக நிலம் விரியும். பட்டிகளில் கறந்த பாலும் தோய்ந்த தயிரும் அவ்வழியே இறங்கி வரும். வழிப்போக்கர் வாகனத்தை நிறுத்தி, கயிற்றுறியிற் கட்டிய சட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோவார்கள். மட்டக்களப்புத் தயிர் என்று தலைநகரிலே பெயர்பெற்றது இத்தகைய சட்டிகளாற்றான்.

எங்கள் கூட்டத்தில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், தபாலதிபர் ஒருவர், போடியார் ஒருவர், நான் ஆக நால்வர். ஞாயிறு காலையில் ஆளுக்கொரு சட்டி கொண்டுவருவோம். முதற் சோதனை, சட்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. நல்ல தயிர் அசையாது. அந்நியர் எவரேனும் பக்கத்தில் இருந்தால் அவர் தம் வேட்டியை ஒதுக்கிக்கொள்வார். போடியாருக்கு அதைக் காண்பதில் தனி இன்பம். அடுத்தது, அகப்பையால் ஒரு வெட்டு. வெட்டிய முகம் பளிங்குபோல நிற்க வேண்டும். தெளிநீர் ஊறிக் குழியில் தேங்குமாயின் மதிப்புக் குறையும். மேலே படர்ந்த ஆடையைத் தனியே எடுத்து உண்பார் தபாலதிபர். பால் காய்ந்த விறகின் புகைமணம் அதிலேதான் தங்கும் என்பது அவர் கொள்கை. புளிப்பைப் பற்றிய தீர்ப்பு ஆசிரியருடையது. நாவின் ஓரத்தில் தொடங்கி நடுவிலே முடிகின்ற புளிப்பே உத்தமம் என்று அவர் வகுத்திருக்கிறார். அதன் பொருளை நாங்கள் கேட்பதில்லை.

வேடிக்கை ஒருபுறமிருக்க, இந்தச் சோதனைகளுக்கெல்லாம் காரணம் உண்டு. பசுப்பாலிற் கொழுப்பு நூற்றுக்கு 4 பங்கு அளவில் இருக்குமெனில், எருமைப்பாலில் 7 பங்கும் அதற்கு மேலும் இருக்கும். புரதமும் மிகுதி. ஆதலால் தயிர் இறுகிக் கட்டியாகிறது. பசுப்பாலுக்கு இளமஞ்சள் நிறந்தரும் கரோட்டின் எருமைப்பாலில் இல்லாமையால் அது தூய வெண்மை. மட்பாண்டத்தின் நுண்துளைகள் நீரை உறிஞ்சி வெளியே கசியவிடுவதால், தயிர் மேலும் செறிந்து, வெயிற் காலத்திலும் குளிர்ந்திருக்கும். காய்ச்சிய பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி உறைமோராக இட்டால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் வெல்லத்தை அமிலமாக்கிப் பாலை உறையச் செய்கின்றன. தயிராக்கும் நுண்ணுயிர்களுள் முக்கியமான ஒன்றை 1905ஆம் ஆண்டில் ஜெனீவாவிலே கண்டறிந்தவர் ஸ்தாமன் கிரிகோரொவ் என்ற பல்கேரிய மாணவர். அதற்கும் முன்னே, 1857இல், பால் புளிப்பது உயிரினங்களின் தொழிலே என்று எடுத்துக்காட்டியவர் லூயி பாஸ்டர். அதே பாஸ்டர் 1866இல் திராட்சை மதுவின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மதுச் சுவைஞருக்கும் எங்களுக்கும் ஆதிகுரு ஒருவரே என்று ஆசிரியர் அடிக்கடி பெருமை பேசுவது இதனாலேதான்.

ஆயினும் பாஸ்டர் சொல்லாத ஒன்றைச் சொன்னவர் எங்களூர்ப் பெத்தா. சந்தியிலே நெடுங்காலமாகத் தயிர் விற்கும் அந்த மூதாட்டி ஊரார் எல்லோருக்கும் பெத்தாதான். ஒருநாள் சட்டிகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம், “மனே, சட்டியப் பார்த்து வாங்காத. எரும எங்க மேஞ்சது எண்டு கேட்டு வாங்கு” என்றார்.

அது முற்றிலும் உண்மை. பெரும்போக விதைப்புக் காலத்தில் வயல்களில் மாட்டுக்கு இடமில்லை. ஆகவே பட்டிக்காரர் மந்தைகளை மயிலத்தமடு, மாதவனை போன்ற தொலைவான மேய்ச்சற்றரைகளுக்குக் கொண்டுசெல்வர். மாரி மழையில் முளைத்த பசும்புல்லை எருமைகள் அங்கே வயிறார மேயும். அறுவடை முடிந்தபின் மந்தைகள் திரும்பி வந்து வயல்களில் அரிதாளை மேயும். மாரித் தயிர் இளகியது, மணமுள்ளது; கோடைத் தயிர் இறுகியது, கனத்தது என்று பெத்தா பிரிப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் இவ்விரண்டையும் தபாலதிபர் பிரித்தறிவார். மற்ற மூவரும் பத்துக்கு ஆறு முறை சரியாகச் சொல்வோம்.

இந்தச் சுவை மாறிவருகிறது என்பதே இன்று எங்கள் கூட்டத்தின் தீராத வழக்கு. எருமை ஒரு காலத்திலே பாலுக்கென்று மட்டும் வளர்க்கப்படவில்லை. சேற்றுழவுக்கும் சூடு மிதிக்கவும் அதுவே வேண்டியிருந்தது. உழவு இயந்திரம் வந்தது, எருமைக்கு வேலை போயிற்று, பட்டிகள் சுருங்கின. எருமைப்பால் அருகவே பசுப்பாலைக் கலப்பாரும் உளர். மண்சட்டியின் இடத்திலே பிளாத்திக்குக் கிண்ணம் வந்தது. அது உடையாது, கசியாது, அடுக்க வசதியானது. ஆனால் நீரை உறிஞ்சாது. குளிர்ப்பெட்டியில் இருந்து வருவதால் புளிப்பும் முதிர்வதில்லை. நகரத்துப் பிள்ளைகள் புளிப்பை விரும்புவதில்லை என்று வியாபாரிகள் சொல்கிறார்கள். இதனைக் கேட்டால் போடியார் கொதித்தெழுவார். விற்பவனே கெடுத்தான் என்பது அவர் குற்றச்சாட்டு.

நான் அதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. போர்தோவிலே நடந்ததை எண்ணிப் பாருங்கள். ரொபேட் பார்க்கர் என்ற அமெரிக்க விமரிசகர் 1982ஆம் ஆண்டின் மதுவை வானளாவப் புகழ்ந்து பெயர்பெற்றார். நூற்றுக்கு இத்தனை புள்ளி என்று அவர் இட்ட கணக்கைப் பார்த்தே உலகம் வாங்கலாயிற்று. அவர் நாவுக்குக் கனிந்ததும் கனத்ததும் உவப்பு. ஆகவே வடிப்போர் பலர் பழத்தை மிகக் கனியவிட்டுப் பறித்து, புது ஓக்கு மரப் பீப்பாய்களில் வைத்து, அவர் நாவுக்கு ஏற்பச் செய்தனர். பின்னர் நாகரிகம் திரும்பி, மெலிந்த பாங்கைத் தேடுவோர் பெருகினர்; வடிப்போரும் திரும்பினர். கையை நாவே நடத்துகிறது. தயிரிலே இனிப்பையும் வெண்மையையும் மலிவையுமே கேட்டு வாங்கும் வீடுகளுக்குப் பட்டிக்காரர் வேறெதைக் கொடுப்பார்?

பெயரைப் பார்த்துச் சுவைப்பதிலும் ஆபத்துண்டு. 1976ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி பாரிஸிலே பிரெஞ்சு நிபுணர்கள் பெயர் மறைத்த கிண்ணங்களைச் சுவைத்து, செந்நிற மதுக்களில் முதலிடத்தைத் தம் தேசத்துக்கு அன்றிக் கலிபோர்ணியாவுக்கு வழங்கிவிட்டார்கள். அக்கதையைப் படித்த தபாலதிபர், சென்ற தைப் பொங்கலுக்கு மறுநாள் ஆறு சட்டிகளைத் துணியால் மூடி எங்கள் முன் வைத்தார். போடியார் நெடுநேரம் உருசித்து, “படுவான்கரை எருமை, சந்தேகமேயில்லை” என்று ஒன்றைத் தேர்ந்தார். துணியை எடுத்தால், அது கடையில் வாங்கிய கிண்ணத் தயிரைச் சட்டிக்கு மாற்றியது! அன்று முழுவதும் அவர் தபாலதிபரோடு பேசவில்லை. ஆனால் என் மனத்திலே நின்றது வேறொன்று. ஆறு சட்டிகளில் எருமைத் தயிர் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை இரண்டே இருந்தன.

மேய்ச்சற்றரை இல்லையேல் அந்த இரண்டும் இல்லை. மயிலத்தமடு, மாதவனைப் பகுதியில் வெளி மாவட்டத்தவர் வந்து காடழித்துப் பயிரிட்டதனால் மந்தைகளுக்கு இடமற்றுப்போயிற்று என்றும், மாடுகள் சுட்டும் வெட்டியும் கொல்லப்படுகின்றன என்றும் பண்ணையாளர் முறையிட்டு, 2023 செப்டெம்பரிலே எங்களூருக்கு அடுத்த சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினர். மறுமாதம் அப்போதைய சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க செங்கலடி மத்திய கல்லூரி விழாவுக்கு வந்தபொழுதும் அவர்கள் வீதியில் நின்றார்கள். பந்தலிலே உட்கார்ந்திருந்தவர்களிற் சிலர் எங்கள் ஞாயிற்றுச் சட்டிகளுக்குப் பால் தந்தவர்கள். தயிரின் பதத்தைப் பற்றி அன்று நாங்கள் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. போடியார் மட்டும், “எத்தன உருப்படி தம்பி மிச்சம்?” என்று ஒருவரை விசாரித்தார். அவர் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

போர்தோவிலும் வெப்பம் ஏறிவருகிறது. அதைத் தாங்குவதற்காகப் புதிய திராட்சை இனங்கள் சிலவற்றை நடுவதற்கு 2021இல் அங்கே அனுமதி கிடைத்தது. கொடி மாறினாலும் தோட்டம் அங்கேயே இருக்கிறது என்று ஆசிரியர் பெருமூச்சு விட்டார்.

கூட்டம் இன்னும் கூடுகிறது. சட்டி கிடைக்காத ஞாயிறுகளில் பழைய வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: தயிருக்குக் கித்துள் பாணியா, சீனியும் வாழைப்பழமுமா? பாணி மலைநாட்டிலிருந்து வருவது. தயிர் ஏறிப்போகும் அதே சாலையால் அது இறங்கி வருகிறது. ஆகவே இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் செங்கலடியே என்பது தபாலதிபர் வாதம். பாணி தயிரின் மணத்தை விழுங்கிவிடும் என்று போடியார் மறுக்கிறார். சென்ற வாரம் பெத்தாவைத் தீர்ப்புச் சொல்லக் கேட்டோம். “சோத்துக்கு ஊத்தித் தின்னுங்க மனே” என்று சொல்லிவிட்டு, அன்றிருந்த கடைசிச் சட்டியைப் பதுளை பஸ்சில் இருந்து கைநீட்டிய ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்.