பிடியும் விசையும்

தமிழ் கற்பிப்பவனுக்குச் சொற்களின்மேல் ஒரு பித்து இருப்பது இயல்பு. 'விசை' என்னும் சொல் விரைவையும் குறிக்கும், வலுவையும் குறிக்கும், பொறியொன்றை முடுக்கும் உறுப்பையும் குறிக்கும். 'பிடி' என்பதோ கைப்பிடியாகவும், கையடங்கும் அளவாகவும், பற்றுறுதியாகவும், பெண்யானையாகவும் பொருள் விரியும். இவ்விரு சொற்களையும் வகுப்பறையில் பன்முறை விளக்கியிருக்கிறேன். எனினும், அவை இரண்டும் ஒரே பொருளில் ஒன்றுசேர்ந்து என் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது 2022 ஆம் ஆண்டிலேதான். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், என் தமக்கையின் மகனுடைய வீட்டுக் குசினி மேசையிலேதான்.

மருமகன் அந்நகரின் ஓரத்தில் எண்ணெய் நிரப்பு நிலையமொன்றை அடுத்த கடையைப் பார்த்துவருகிறான். நள்ளிரவில் கடையை அடைத்து, அன்றைய வரவை எண்ணிக்கொண்டு தனியே வீடு திரும்புவது அவன் தொழில். நான் அங்கு சென்றதற்கு முந்திய ஆண்டில், ஒருவன் அவன் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டிப் பணத்தைப் பறித்துச் சென்றானாம். அதன் பின்னரே அவன் தனக்கென ஒன்றை வாங்கினான். நம் நாட்டில் 1916 ஆம் ஆண்டிலிருந்து நிலவும் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றிச் சுடுகருவியொன்றை வைத்திருத்தல் குற்றம். ரெக்சாஸிலோ 2021 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து, சட்டத்தால் தடுக்கப்படாத இருபத்தொரு வயதினர் எவரும் அனுமதிப்பத்திரமின்றியே கைத்துப்பாக்கியை இடுப்பிற் செருகிக்கொண்டு வெளியே நடமாடலாம். ஒரே உலகில் இரண்டு உலகங்கள்!

அன்றிரவு அவன் அதனை மேசைமேல் வைத்து, தோட்டா உறையைக் கழற்றி, குழலைத் திறந்து காட்டினான்.

"மாமா, வெறுந் துவக்கு. ரண்டு தரம் பாத்திட்டன். நீங்களும் ஒருக்காப் பாத்திட்டுக் கையிலை எடுங்கோ."

எடுத்தேன். கிளொக் 19 எனப் பெயரிய சிறு வகை அது. 1982 இல் ஒஸ்திரிய இராணுவத்துக்கென ஒரு கைத்துப்பாக்கி தேவைப்பட்டபோது, அதற்கு முன் துப்பாக்கியே செய்திராத கஸ்ரன் கிளொக் என்னும் பொறியியலாளர் பிளாஸ்திக்குச் சட்டத்தில் உருக்குக் குழலைப் பொருத்தி ஒன்றை ஆக்கினார். அதன் உடலையும் பிடியையும் குறுக்கி, ஆடைக்குள் மறைக்கத்தக்கதாகப் பின்னர் செய்ததே இது. பதினைந்து தோட்டாக்கள் கொள்ளும். வெறுமையாக இருக்கையில் அறுநூறு கிராம் அளவே நிறை. கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் பாதுகாப்புத் தாழ் இதன் புறத்தே இல்லை. பாதுகாப்புகள் மூன்றும் உள்ளேயும் விசையிலேயுமே அமைந்துள்ளன. ஆதலால், விசையை இழுக்க எத்துணை வலு வேண்டுமென்பதும் ஒரு பாதுகாப்பே எனலாம்.

"இதின்ரை விசையையும் பிடியையும் மாத்தப்போறன்" என்றான் மருமகன். "கொண்டு திரியிறதுக்குச் சின்னன் நல்லது. சுடுறதுக்குச் சின்னன் கூடாது."

அவன் கூறியதன் உண்மையை விளங்கிக்கொள்ள எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அவ்விசையை இழுக்க ஏறக்குறைய ஐந்தரை இறாத்தல், அதாவது இரண்டரைக் கிலோ வலு வேண்டும். துப்பாக்கியோ, தோட்டா நிரப்பிய பின்னரும் ஒரு கிலோவை எட்டாது. தன் நிறையைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு வலுவுடன் ஒற்றை விரலால் இழுக்கப்படும் பொருள் அசையாதிருப்பது எங்ஙனம்? வலக்கையால் சுடுபவனின் குண்டு இலக்குக்குக் கீழேயும் இடப்புறமும் விழுவது இதனாலேயே. விசை இழுக்கும், பிடி நிறுத்தும். இவ்விரண்டும் தம்முள் நடத்தும் வழக்கின் தீர்ப்பே இலக்கில் விழும் துளை.

பிடியைப் பற்றிய அவன் முறைப்பாடு எனக்கு எளிதில் விளங்கிற்று. அவன் பாவித்த பழைய வார்ப்பில் விரல்களுக்கெனப் பள்ளங்கள் இருந்தன. யாரோ ஒரு சராசரி மனிதனின் விரல்களை எண்ணி வார்த்த பள்ளங்கள் அவை. மருமகனுக்கு வாய்த்ததோ அவனுடைய பாட்டனாரின், அதாவது என் தந்தையாரின் அகன்ற கை. மேடுகள் அவன் விரல்களுக்கு அடியிலேயே வந்து உறுத்தின. சிறுவிரல் பாதி வெளியே தொங்கிற்று. ஹூஸ்டனின் புழுக்கத்தில் வியர்த்த கையில் அந்த வழவழப்பு மேலும் வழுக்கிற்று.

என் தந்தையார் கமக்காரர். புதிய மண்வெட்டி வாங்கினால் கடைக்காரன் போட்ட பிடியோடு அவர் ஒருநாளும் வயலில் இறங்கியதில்லை. பூவரசந் தடியொன்றைத் தேர்ந்து, உடைந்த போத்தற் கண்ணாடியால் நாட்கணக்கில் சுரண்டி, எண்ணெய் பூசி, கையில் வைத்துப் பார்த்து, மறுபடியும் சுரண்டுவார். "பிடி சரியில்லாட்டி வெட்டுறது மண்ணை இல்லை, என்ரை காலை" என்பார். அவருடைய பேரன் அட்லாந்திக்குக்கு அப்பால் இருந்துகொண்டு அதே காரியத்தைச் செய்ய முற்பட்டதைக் கண்டபோது, கருவி எத்தகையதென்பதை ஒரு கணம் மறந்து மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்?

மறுநாள் துப்பாக்கி திருத்தும் முதியவர் ஒருவரிடம் என்னையும் அழைத்துச் சென்றான். அவர் பிடியின் மேடுகளைச் சீவித் தேய்த்து, சூடேறிய இரும்பு முனையால் பிளாஸ்திக்கின்மேல் புள்ளி புள்ளியாகக் குத்திச் சொரசொரப்பாக்கும் முறையைக் காட்டினார். நம் ஊரில் தேய்ந்த அம்மியைப் பொளிவது போன்ற வேலைதான் அது. பின்னர், விசை மாற்றப்பட்ட வேறொரு வெறுந் துப்பாக்கியை என்னிடம் தந்தார். விசையின் பயணத்தில் முதலில் ஒரு தளர்வு; அடுத்து விரல் முட்டி நிற்கும் ஒரு தடை, அதனைச் 'சுவர்' என்பர்; அதன்பின் முறிவு; இறுதியாக விரலைச் சிறிது தளர்த்த விசை மீளும் இடம். இலேசான சுருள்வில்லும் திருத்திய இணைப்புத் தகடும் இட்டால் தளர்வு குறுகும், சுவர் மெலியும். அங்கே மூன்று இறாத்தல் அளவிலேயே அது முறிந்தது. செடியிலிருந்து மல்லிகை கொய்வதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. நான் அதை உடனே மேசைமேல் வைத்துவிட்டேன்.

மருமகன் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். வீடு திரும்பும் வழியில் வினவினான். இதுவரை வீட்டில் எவருக்கும் சொல்லாத ஒன்றை அவனுக்குச் சொன்னேன்.

1989 ஆம் ஆண்டு. நான் இரண்டாம் வருட மாணவன். மழை தூறிய ஒரு காலையில், சைக்கிளை உருட்டிக்கொண்டு சோதனைச் சாவடியொன்றின் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அடையாள அட்டை ஈரக் கையிலிருந்து நழுவிற்று. அதைப் பிடிக்கச் சட்டெனக் குனிந்தேன். குழல் என் நெஞ்சுக்கு உயர்ந்தது. சீருடையில் இருந்தவன் என்னிலும் இளையவன். மீசை இன்னும் சரிவர அரும்பவில்லை. நான் கண்டது அவன் கண்களையன்று, அவன் விரலையே. விசைமேல் வளைந்திருந்த அவ்விரலின் நகம் வெளிறியிருந்தது. எவ்வளவு நேரம் என்று அளந்து சொல்ல இயலாது. பின்னர் அவ்விரல் மெல்ல நிமிர்ந்தது; வெளியே வந்து துப்பாக்கியின் பக்கவாட்டில் நேராகப் படுத்தது. அட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தான். அவன் கையும் நடுங்கிற்று.

"அந்த விசை மூன்று இறாத்தலாக இருந்திருந்தால், தம்பி, நான் இன்று உன்னோடு காரில் வரமாட்டேன்" என்றேன்.

அவன் நெடுநேரம் பேசாது காரை ஓட்டினான். பின், "மாமா, அவன் விரலை எடுத்தது விசை பாரமெண்டபடியாலோ?" என்று கேட்டான்.

அக்கேள்வி என்னை மடக்கிவிட்டது. பாரமே அறம் என எண்ணி நான் ஆறுதல் கொண்டிருந்தேன். அது அத்துணை எளிதன்று. நியூயோர்க் நகரப் பொலிஸார், தவறுதலாகச் சுடுவதைத் தவிர்க்கும் பொருட்டு, நெடுங்காலம் பன்னிரண்டு இறாத்தல் விசையையே தம் கைத்துப்பாக்கிகளில் வைத்திருந்தனர். 2012 ஓகஸ்ட் 24 ஆம் திகதி எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தின் முன்னால் ஒரு கொலையாளியை எதிர்கொண்ட இருவர் பதினாறு குண்டுகளைச் சுட்டனர். கொலையாளி வீழ்ந்தான், வழியிற் சென்ற ஒன்பது பேரும் அக்குண்டுகளாலும் சிதறல்களாலும் காயமுற்றனர். விசையின் பாரம் குறியைக் கெடுத்ததென்ற விவாதம் அப்போது எழுந்தது. பாரமான விசையும் நிரபராதியைக் காயப்படுத்தக்கூடும். இலேசான விசையைக் கேட்ட என் மருமகன் கொலைவெறியன் அல்லன். தன் குண்டு வேறெவர்மீதும் படலாகாதென அஞ்சுபவன்.

அவன் வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றும் உண்டு. பாரமான விசை அவளுக்கேனும் காவலாகாதோ என்றேன். "இல்லை, மாமா. ரண்டு பெருவிரலாலையும் சேத்து அமத்தினால் ஐஞ்சரை றாத்தல் பிள்ளையளுக்குப் பெரிசில்லை. அதுக்குத்தான் அந்த இரும்புப் பெட்டி" என்று சுவரோடு பொருத்திய பூட்டுப் பெட்டியைக் காட்டினான். அந்த ஆறுதலும் போயிற்று.

விளையாட்டுச் சுடுதலின் விதியொன்றை முதியவர் எனக்குக் கூறியிருந்தார். பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் விசை ஐந்நூறு கிராமிலும் குறைதலாகாது. குழலை மேல்நோக்கி நிறுத்தி, விசையிலே அந்நிறையைத் தொங்கவிட்டுச் சோதிப்பர். அதனைத் தாங்கினாலே போட்டியில் அனுமதி. இலக்குத் தாளின் முன், அமைதியான மண்டபத்தில், நெடுநாட் பயிற்சி பெற்றவருக்கும் இதற்குக் கீழே போகாதே என்று ஒரு வரம்பு. அச்சமும் இருளும் சூழ்ந்த நடுநிசிக் கடைவாசலுக்கு வரம்பு எது?

முதியவரின் அறிவுரை சுருக்கமானது: முதலில் பிடி, பிறகு பயிற்சி, விசை கடைசி. மருமகன் பிடியை மட்டும் திருத்துவித்தான். அடுத்த இரு ஞாயிறுகளிலும் சுடுகளத்துக்கு அவனோடு சென்றேன். முன்பு கீழே இடப்புறமாகச் சிதறிய துளைகள் மெல்ல மெல்ல நடுவை நாடின. விசை மாறவில்லை, ஐந்தரை இறாத்தல் அப்படியே இருந்தது. சுடாத வேளைகளில் அவன் சுட்டுவிரல் விசைக்கு வெளியே துப்பாக்கியின் பக்கவாட்டில் நேராகக் கிடந்தது. அங்கே முதற்பாடமாகக் கற்பிப்பது அதுவேயாம். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவ்விரலை நான் மறுபடியும் கண்டேன்.

"அப்ப விசையை எப்ப மாத்தப்போறாய்?" என்றேன்.

"அது கிடக்கட்டும், மாமா. ஐஞ்சரை றாத்தலோ மூண்டு றாத்தலோ, சுட வேணுமெண்டு தீர்மானிச்சால் ரண்டும் ஒண்டுதான். சுடவேண்டாமெண்டு தீர்மானிக்கிற நேரத்துக்குத்தான் வித்தியாசம்."

சோதனைச் சாவடியில் எனக்குக் கிடைத்தது அந்த நேரமே. அதனை அவ்விளைஞனின் மனம் தந்ததா, விசையின் பாரம் தந்ததா எனப் பிரித்தறிய வழியில்லை. மனம் எண்ணுவதற்கு இடங்கொடுக்கும் அளவு பாரமும், எண்ணியதைப் பிறழாது செய்யும் அளவு பிடியும் அவன் கையில் அன்று இருந்தன என்று மட்டும் கொள்ளலாம். பேனா பிடிக்கும் நமக்கும், பிறரைத் தீர்ப்பிடும் பதவியில் அமரவிருக்கும் மாணவருக்கும் இவ்விரண்டும் வேண்டாவோ?

நாடு திரும்பியபின் வகுப்பிலே 'விசை' என்னும் சொல் மீண்டும் வந்தது. விரைவு, வலு, பொறியின் உறுப்பு என்ற மூன்று பொருளையும் வழக்கம்போல் எழுதினேன். மாணவரொருவர் எடுத்துக்காட்டுக் கேட்டார். கரும்பலகையின் பக்கம் திரும்பிச் சிறிது நேரம் நின்றுவிட்டு, விசைத்தறியைச் சொன்னேன்.