ராணிகஞ்சில் ஒரு முற்பகல்

சிகந்தராபாத்தில் பாரடைஸ் சந்தியிலிருந்து மகாத்மா காந்தி சாலை வழியே தெற்கு நோக்கி நடப்பவர்களுக்கு முதலில் துணிக் கடைகளும் நகைக் கடைகளும் தென்படும். இந்தச் சாலையின் பழைய பெயர் ஜேம்ஸ் தெரு. அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் பழைய காவல் நிலையத்தின் மணிக்கூண்டைக் கடந்துவிட்டால் காட்சி மாறிவிடுகிறது. பட்டும் பொன்னும் போய் இரும்பின் ராஜ்யம் தொடங்குகிறது. பம்புகள், பேரிங்குகள், சங்கிலிகள், எடைத் தராசுகள், நட்டும் போல்ட்டும் நிறைந்த சாக்கு மூட்டைகள், மோட்டார் உதிரிப் பாகங்கள். இதுவே ராணிகஞ்ச். ஹுசேன் சாகர் ஏரிக்குப் போகிற அன்பர்கள் பலர் இவ்விடத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்வதை நான் கண்டிருக்கிறேன். நானும் அப்படிக் கடந்தவனே. சென்ற தைப் பொங்கலுக்குப் பிறகுதான் எனக்கு இங்கே நிற்கத் தோன்றியது.

அதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்மவர்களில் சொந்தக் கார் வைத்திருப்போர் பண்டிகைக்கு ஊர் செல்ல இப்போது பெரும்பாலும் நர்கட்பள்ளியில் திரும்பி, மிரியாலகூடா, அத்தங்கி, ஓங்கோல், நெல்லூர் வழியாகச் சென்னையை அடைகிறார்கள். போகிப் பண்டிகைக்கு முதல் நாள் மாலை நாங்களும் அப்படியே புறப்பட்டோம். வயதான தாயார், மனைவி, இரண்டு குழந்தைகள், கரும்புக் கட்டு ஒன்று. மிரியாலகூடா தாண்டி வாடபள்ளியை நெருங்கும்போது பின்சக்கரம் காற்றை இழந்தது. வாடபள்ளி சாமானிய இடம் அன்று. நம் நகரத்து மூசி நதி கிருஷ்ணையோடு கலக்கும் சங்கமம் அது. அகஸ்தீசுவரர் மீனாட்சியுடன் கோயில் கொண்டிருக்கும் தலம். அகத்தியரும் மீனாட்சியும் அருகில் இருக்கும்போது நமக்கு என்ன குறை என்று தாயார் தைரியம் சொன்னார். குறை நட்டில் இருந்தது.

நான்கு நட்டுகளில் ஒன்று மட்டும் அசைந்தது. மற்ற மூன்றும் மலைபோல் நின்றன. சில நாள் முன்னர் நகரத்தில் ஒரு கடையில் டயர் மாற்றியபோது, காற்றுத் துப்பாக்கியால் அவற்றை முடுக்கியிருந்தார்கள். அந்தக் கருவி எவ்வளவு இறுக்குகிறது என்று பார்ப்பவர் அங்கே ஒருவரும் இல்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. காரோடு வந்த கைப்பிடி ஒரு சாண் நீளத்துக்குச் சற்று அதிகம். அதன் மேல் ஏறி நின்றேன். கைப்பிடி வழுக்கியது, நட்டின் மூலைகள் மழுங்கின, என் முழங்காலில் ரத்தம் வந்தது. இருள் சூழ்ந்துவிட்டது. லாரிகள் எங்களை உரசுவதுபோல் பறந்தன. குழந்தைகளைச் சாலையிலிருந்து விலகி வயல் ஓரத்தில் உட்கார்த்திவிட்டு, ஒன்றும் தோன்றாமல் நின்றேன்.

அப்போது ஒரு லாரி ஓரமாக நின்றது. நாமக்கல் லாரி. ஓட்டுநர் இறங்கி வந்து, காரின் எண் பலகையைப் பாராமல் தாயாரின் புடவைக் கட்டைப் பார்த்தே மொழியைத் தெரிந்துகொண்டார் போலும்.

“என்ன சார், நட்டு வரலீங்களா? சக்கரத்துக்குக் கல்லு வெச்சீங்களா?”

வைக்கவில்லை. அதை முதலில் செய்தார். நான் ஜாக்கியால் உயர்த்தியிருந்த காரை மறுபடி தரைக்கு இறக்கினார். “தூக்கறதுக்கு முந்தியே நட்டை இளக்கிடணுங்க. அந்தரத்துல நின்னா வண்டியே உருண்டுடும்” என்றார். பிறகு தம் பெட்டியிலிருந்து ஆறு மூலைச் சாக்கெட் ஒன்றை எடுத்து, மழுங்கிய நட்டின் மேல் சுத்தியலால் தட்டிப் பொருத்தினார். அதன் கைப்பிடியில் ஏறக்குறைய ஒரு கஜ நீளமுள்ள இரும்புக் குழாயைச் செருகி, ஒரு கையால் அழுத்தினார். சடக்கென்று ஓசை. அவ்வளவுதான்.

கணக்குப் போட்டால் இதில் விந்தை எதுவும் இல்லை. சிறிய கார்களின் சக்கர நட்டுக்கு வேண்டிய இறுக்கம் சுமார் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. காருடன் வரும் புத்தகத்தில் சரியான அளவு அச்சிட்டிருக்கும். 100 நியூட்டன் மீட்டர் என்றால், கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 40 கிலோ எடையால் அழுத்துவதற்குச் சமம். அதுவே 250 ஆக முடுக்கப்பட்டிருந்தால் 100 கிலோவுக்கு மேல் வேண்டும். கைப்பிடி ஒரு மீட்டர் ஆனால் 25 கிலோ போதும். ஏற்றம் இறைத்த நம் முன்னோர் அறிந்த நெம்புகோல் கணக்குத்தான். பள்ளியில் நானும் படித்தேன், வாடபள்ளியில்தான் விளங்கியது.

ஊரிலிருந்து திரும்பியதும் பரணிலிருந்த என் தகப்பனாரின் பெட்டியை இறக்கினேன். அவர் லாலாகூடா ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். 1893-ல் நிஜாம் ரயில்வேக்காக ஏற்பட்ட அந்தப் பட்டறை நம்மவர் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்டை வீட்டு டாக்டரின் அம்பாசடர் காரை அவர் பழுதுபார்ப்பார். திருப்புளி எடுத்துக் கொடுக்கும் பதவி எனக்கு. பெட்டியில் துரு இல்லை. எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றிய ஸ்பானர்கள் வரிசையாக இருந்தன. ஆனால் என் மாருதிக்கு அவற்றுள் ஏறத்தாழ ஒன்றும் பொருந்தவில்லை.

அவை அங்குல அளவுகள். அவற்றிலும் இரு ஜாதி உண்டு. அம்பாசடருக்கு உரியவற்றில் பொறித்த எண், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலம். பட்டறையிலிருந்த விட்வொர்த் ஸ்பானரிலோ எண் குறிப்பது போல்ட்டுத் தண்டின் விட்டம். ஆகவே 1/4 என்று பொறித்த ஸ்பானரின் வாய் அரை அங்குலத்தையும் தாண்டி, 13.3 மில்லிமீட்டர் இருக்கும். 1983-ன் இறுதியில் மாருதி 800 வந்தது. அதனுடன் ஜப்பானிய மில்லிமீட்டர் வரிசையும் நம் வீடுகளுக்குள் வந்தது. அம்பாசடரோ 2014-ல் உற்பத்தியே நின்றுவிட்டது. 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீட்டர், 14 நட்டின் மேல் அது ஏறும், சுற்றும், மூலையைத் தின்னும். ஏறுவதெல்லாம் பொருந்துவதாகாது என்பதைக் கைவேலையில் புதிதாக இறங்குவோர் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வாறாக ஒரு முற்பகல் ராணிகஞ்சை அடைந்தேன். ஒடுக்கமான கடை. தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகள். முதியவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். இந்நகரத்து உருதுவில் ஸ்பானருக்குப் ‘பானா’ என்று பெயர், திருப்புளிக்குப் ‘பேச்கஸ்’, சாக்கெட்டுக்குக் ‘கோட்டி’. நெல்லைச் சீமையில் கோட்டி என்றால் பைத்தியம். ‘கோட்டி செட் வேண்டும்’ என்று அங்கே கேட்டால் என்ன கிடைக்குமோ!

கண்ணாடி அலமாரியில் பளபளவென்று ஒரு பெட்டி. நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகள். எனக்கு அதன் மேல் கண் விழுந்தது. பெரியவர் கையை அசைத்து “நக்கோ” என்றார். ‘வேண்டாம்’ என்பதை இதைவிட அழகாக எந்த மொழியிலும் சொல்ல முடியாது. என்ன கார் என்று கேட்டார். சொன்னதும் 8, 10, 12, 14, 17, 19 ஆகிய ஆறு ஸ்பானர்களைப் பலகை மேல் பரப்பினார். ஒரு முனை திறந்த வாய், மறுமுனை வளையம். நட்டை இளக்குவதற்கு வளையம், இளகியபின் விரைவாகச் சுற்றுவதற்குத் திறந்த வாய். டாட்டா கார் வைத்திருப்பவர்கள் 13-ஐ மறக்கக்கூடாது என்றார். என் காரில் மேலாக நடக்கும் வேலைகளில் அதிகம் பயன்படுவது 10. தொலைந்துபோவதும் அதுவே, ஆகையால் அதில் மட்டும் இரண்டு வாங்கினேன்.

சாக்கெட்டுகளைப் பற்றி நான் கற்றது ஒன்று உண்டு. உள்ளே ஆறு மூலை உடையவை, பன்னிரண்டு மூலை உடையவை என இரு வகை. பன்னிரண்டு மூலை, குறுகிய இடத்தில் எளிதாக ஏறும். ஆறு மூலையோ நட்டின் பக்கங்களை அகலமாகப் பற்றும். இறுகிய நட்டு, துருப்பிடித்த நட்டு, பிறர் கெடுத்த நட்டு ஆகியவற்றுக்கு ஆறு மூலையே சிறந்தது. அன்றிரவு லாரிக்காரரின் சாக்கெட் பிடித்ததன் ரகசியம் இதுதான். வேடிக்கை என்னவெனில், சாக்கெட்டின் வாய் மில்லிமீட்டரில் இருந்தாலும் கைப்பிடி செருகும் சதுரத் துளை இன்னமும் அங்குலக் கணக்குத்தான்: 1/4, 3/8, 1/2. சக்கரத்துக்கு 1/2 வேண்டும். அத்துடன் ஒன்றரை அடி நீளமுள்ள ‘பிரேக்கர் பார்’ ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். கிடுகிடுவென்று ஓசையிடும் ராட்செட்டை இறுகிய நட்டில் பிரயோகித்தால் உள்ளிருக்கும் பற்கள் உடைந்துவிடும் என்று பெரியவர் எச்சரித்தார்.

நல்ல ஸ்பானரை எப்படி அறிவது? பளபளப்பு ஒரு சாட்சியன்று. முலாம் எந்த இரும்புக்கும் பூசலாம். வாயின் உட்புறம் சீராகக் கடையப்பட்டிருக்கிறதா, அளவு ஆழமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா, குரோம் வனேடியம் எஃகு என்ற குறி இருக்கிறதா என்று நோக்க வேண்டும். கடையிலேயே ஒரு புதிய போல்ட்டை வாங்கி மாட்டிப் பார்ப்பது எல்லாவற்றிலும் மேல். ஜலந்தரிலும் லூதியானாவிலும் நாசிக்கிலும் தயாராகும் நம் நாட்டுச் சாமான்கள் வீட்டு வேலைக்கு முற்றிலும் போதுமானவை. அவற்றுள் பல, கடல் கடந்தும் செல்கின்றன. எர்ரகட்டாவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஆயுதங்கள் மலிவாகக் கிடைக்கும். சுத்தியல், குறடு, பட்டறைப் பிடி இவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம். வாய் அகன்றுபோன ஸ்பானரையும் பழைய ஜாக்கியையும் மட்டும் தொடவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றும் வாங்கினேன். மற்றச் சாமான்கள் அனைத்துக்கும் கொடுத்த பணத்தில் பாதியை அது ஒன்றே விழுங்கிவிட்டது. வீட்டில் இதற்காகச் சிறிது விசாரணை நடந்தது. உரிய அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும்; அத்துடன் நிறுத்திவிட வேண்டும். அதைக் கொண்டு நட்டை இளக்கக்கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும். இப்போது டயர்க் கடைக்குப் போய்வந்தால், அன்று மாலையே நட்டுகளை இளக்கி நானே அளந்து முடுக்குகிறேன். அண்டை வீட்டார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இந்நகரத்து அடுக்குமாடி வீடுகளில் கார் நிற்கும் நிலவறைக்குச் ‘செல்லார்’ என்று பெயர். நமது பட்டறையும் அதுவே. அங்கே ஒரு விஷயத்தில் நான் கடுமையாக இருக்கிறேன். காருடன் வரும் ஜாக்கி, சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி ஒருவரும் காரின் அடியில் தலையை நீட்டக்கூடாது. என் தமக்கை மகன், பொறியியல் மாணவன், ஒரு நாள் எண்ணெய்க் கசிவைப் பார்க்கப் படுத்துவிட்டான். செல்லார்த் தரை சரிவானது. ஜாக்கி ஒரு விரற்கடை நகர்ந்ததை நான் கண்டேன். காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். “மாமா, ஒன்றும் ஆகவில்லையே” என்றான். அன்று மாலையே அவனையும் அழைத்துக்கொண்டு ராணிகஞ்சுக்குச் சென்று, காரைத் தாங்கும் இரும்பு முக்காலிகள் இரண்டு வாங்கி வந்தேன். சரிவில் அவையும் உதவா, சமதளம் வேண்டும், சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வேண்டும். பாட்டரி விஷயமும் அப்படியே. கழற்றும்போது முதலில் மைனஸ் முனை, மாட்டும்போது அது கடைசி. காரின் உடலே மைனஸோடு இணைந்திருப்பதால், பிளஸ் முனையைக் கழற்றும் ஸ்பானர் எங்கேனும் உடலைத் தொட்டால் பொறி பறக்கும்.

பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் நான் தொடுவதில்லை. அவை தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. காற்று வடிகட்டி, பாட்டரி, ஸ்பார்க் பிளக், விளக்கு, சக்கரம், இவ்வளவே என் எல்லை. எஞ்சின் எண்ணெய் மாற்றிய நாளில் பழைய எண்ணெயைச் சாக்கடையில் விடாமல் டப்பாவில் பிடித்து, அதை எடுத்துக்கொள்ளும் மெக்கானிக் கடையில் சேர்த்தேன். மூசி ஏற்கெனவே படும் பாடு போதும். அது போய்ச் சேருவது வாடபள்ளியில்.

அன்றிரவு அந்த ஓட்டுநர் பணம் எதுவும் வாங்கவில்லை. தாயார் கொடுத்த கரும்பை மட்டும் பெற்றுக்கொண்டார். குழாயைத் திருப்பித் தந்தபோது, “நீங்களே வெச்சுக்குங்க சார், இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் போகணுமில்ல” என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டார். அது இப்போது என் காரின் பின்பெட்டியில், பிரேக்கர் பாருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தகப்பனாரின் பெட்டியிலிருந்தும் ஒன்று அங்கே இடம் பெற்றுவிட்டது. முக்கால் அங்குல வளைய ஸ்பானர். அது 19.05 மில்லிமீட்டர். என் காரின் சக்கர நட்டு 19. மாட்டிப் பார்த்தேன், ஆடாமல் பிடித்துக்கொண்டது.